பழைய போட்டோவில் இருக்கும் துணி என்ன சொல்கிறது? சேலம் வீட்டு ஆல்பங்களைப் பார்த்தபோது வந்த கேள்விகள்

தெரிந்தவர் வீடுகளில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் போட்டோக்களை ஸ்கேன் செய்து கொடுப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, அப்புறம் மேலே ஏற்காட்டில் இரண்டு மூன்று வீடுகள். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

அம்மாயி (அம்மாவின் அம்மா) கல்யாணப் போட்டோவில் தேதி இல்லை. புடவையை வைத்து வருஷம் சொல்ல முடியுமா?

புடவையை வைத்து முடியாது, ஜாக்கெட்டை வைத்து ஓரளவு முடியும். நல்ல பட்டுப்புடவை நாற்பது வருஷம் தாங்கும், அம்மா கட்டியதை மகள் கட்டுவாள், மகள் கட்டியதை மருமகள் கட்டுவாள். ஜாக்கெட் அப்படி இல்லை. உடம்பு பெருத்தால் பிடிக்கும், அக்குளில் வியர்வைப்பட்டு நைந்து போகும், அதனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகத் தைத்தே ஆக வேண்டும். தைக்கும்போது தையல்காரர் அந்த வருஷம் ஊரில் எது நடக்கிறதோ அதைத்தான் தைப்பார்.

குகையில் ஒரு வீட்டில் மூன்று போட்டோக்கள் பார்த்தேன். மூன்றிலும் ஒரே புடவை. கோபுரக் கரை, முந்தானையில் ஓர் இடத்தில் ஜரிகை அறுந்து சின்னதாக ஒரு பல்லி வால் மாதிரி தொங்குகிறது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்றிலும் அதே இடத்தில் அதே வால். ஆனால் முதல் படத்தில் முழங்கை தாண்டிய தொளதொள கை, இரண்டாவதில் தோளில் சின்ன பஃப், மூன்றாவதில் சதையைப் பிடிக்கிற இறுக்கமான கை. மாமியார், மகள், மருமகள். புடவையைப் பார்த்து வருஷம் சொல்லியிருந்தால் மூவரையும் ஒரே கல்யாணத்தில் நிறுத்தியிருப்பேன்.

சரி, எந்தக் கை எந்தக் காலம்?

கணக்காகச் சொல்ல முடியாது, பத்து வருஷம் முன்னே பின்னே இருக்கும். 1910, 20களில் வசதியான வீட்டுப் பெண்கள் போட்டோவில் கழுத்து வரை ஏறிய ஜாக்கெட், லேஸ் வைத்த விளிம்பு, மணிக்கட்டுவரை கை, தோளில் புடவையைப் பிடிக்க ஒரு புரூச், எல்லாம் வெள்ளைக்காரப் பெண்களின் சட்டையைப் பார்த்து வந்தது. 30களில் கை முழங்கைக்கு ஏறுகிறது, கழுத்து கொஞ்சம் இறங்குகிறது. 40களிலும் 50களின் தொடக்கத்திலும் குட்டி பஃப் கை. அதற்கப்புறம் பஃப் போய், உடம்போடு ஒட்டித் தைக்கிற பழக்கம் வருகிறது, மார்பில் டார்ட் பிடிப்பது, அதாவது உடம்பு வளைவுக்கு ஏற்ப மடித்துத் தைப்பது, தெளிவாகத் தெரியும். 60களின் கடைசியில் கை இன்னும் குட்டையாகிறது, பட்டணத்துப் பெண்கள் சிலர் கையே இல்லாமல் போட்டார்கள், சேலத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போக ஒரு தைரியம் வேண்டும். 80களில் பஃப் திரும்ப வந்தது, இந்தத் தடவை பெரிதாக. ஆகவே பஃப் என்றதும் 1945 என்று முடிவு கட்டாதீர்கள், 1987 ஆகவும் இருக்கலாம். தாள் பளபளப்பாக, பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் இரண்டாவதுதான்.

இன்னொரு விஷயம். வயதானவர்கள் தங்கள் கல்யாணக் காலத்துத் தைப்பை விடமாட்டார்கள். 1965 குரூப் போட்டோவில் பாட்டி 1930 ஜாக்கெட்டில் உட்கார்ந்திருப்பார். கிராமத்துப் பக்கம் என்றால் ரவிக்கையே போடாமல் பின்கொசுவம் வைத்துக் கட்டிய ஆத்தா நடுவில் இருப்பார், அவரை வைத்துப் படம் ரொம்பப் பழசு என்று நினைக்க வேண்டாம். குரூப்பில் யார் இளைய பெண்ணோ, குறிப்பாகப் புதிதாகக் கல்யாணமான பெண்ணோ, அவரைப் பாருங்கள்.

கல்யாணத்தில் கறுப்புப் புடவையா கட்டியிருக்கிறார்? வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்களே!

கறுப்பு இல்லை, அரக்கு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் ரொம்ப நாள் பயன்படுத்திய ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டுக்கும் பிலிமுக்கும் சிவப்பு நிறம் கண்ணுக்கே தெரியாது. டார்க்ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததே அதனால்தான். சிவப்பு, அரக்கு, குங்கும நிறம் எல்லாம் படத்தில் கறுப்பாக விழும். நீலம் இதற்கு நேர் எதிர், ஏறக்குறைய வெள்ளையாகிவிடும்.

இதனால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டில், "எங்க பெரியாத்தா வெள்ளைச்சேலையில இருக்காங்க, அப்ப இந்தப் படத்துக்கு முன்னாடியே பெரியப்பாரு தவறிட்டாரா?" என்று பெரிய விவாதமே நடந்தது. நெற்றியில் பொட்டு இருக்கிறது, கழுத்தில் தாலிக்கொடி தெரிகிறது. புடவை இளநீலமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

எந்த பிலிம் என்று கண்டுபிடிக்க நெற்றியைப் பாருங்கள். குங்குமப் பொட்டு மை வைத்த மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தால் சிவப்பு தெரியாத பிலிம். சாம்பலாக, மங்கலாக இருந்தால் எல்லா நிறமும் தெரிகிற பான்குரோமாட்டிக். வைத்தது சாந்துப் பொட்டு என்றால் இந்தச் சோதனை செல்லாது.

தாத்தா கறுப்புச் சட்டையில் இருக்கிறார். அவர் கட்சிக்காரரா?

மேலே சொன்ன அதே எச்சரிக்கை இங்கேயும். அது கருஞ்சிவப்போ காவியோ காக்கியோ என்னவாகவும் இருக்கலாம். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் நம்ம சேலத்து மாநாட்டில்தான், கருஞ்சட்டை அதற்கு அடுத்த ஓரிரு வருஷத்தில் வந்தது. வேறு அடையாளங்களை வைத்துப் படம் 1930கள் என்று தெரிந்தால் அது கட்சிச் சட்டை இல்லை. கதர் அப்படி ஏமாற்றாது. மடிப்பு தடித்து, கம்பளி மாதிரி புடைத்து நிற்கும். காந்தி மதுரையில் இடுப்புத்துணிக்கு மாறியது 1921 செப்டம்பரில். ராஜாஜி 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில், அன்றைய சேலம் ஜில்லாவில், ஆசிரமம் வைத்து நூல் நூற்க வைத்தார். இந்தப் பக்கத்து வக்கீல், வாத்தியார் வீட்டுப் படங்களில் மில் துணிக் கோட்டு கழன்று கதர் ஜிப்பா ஏறுவது இந்தக் காலம்தான்.

கோட்டு, டை, கைக்கடிகாரம், ஆனால் கால் வெறுங்கால். ஏன்?

கோட்டு ஸ்டுடியோவுடையது. டையும் அப்படித்தான். சுவரில் ஆணியில் தொங்கும், வருகிறவர்கள் மாட்டிக்கொண்டு படம் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போவார்கள். எல்லோர் காலுக்கும் பொருந்துகிற ஷூவை எந்த ஸ்டுடியோ வைத்திருக்கும்? தோள்பட்டை கீழே சரிந்து, கை விரல் நுனி வரை இறங்கியிருந்தால் இரவல் கோட்டு என்று அடித்துச் சொல்லலாம். வேட்டிக்கு மேலே சொந்தக் கோட்டு, தலைப்பாகை, கழுத்தில் அங்கவஸ்திரம் என்று வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குக் கோட்டு அளவாக இருக்கும்.

மாப்பிள்ளை வேட்டி பருத்தியா பட்டா என்று சிலர் கேட்பார்கள். கஞ்சி போட்ட பருத்தி முழங்காலில் கூர்மையாக மடங்கி விறைத்து நிற்கும். சேலம் வெண்பட்டு வழிந்து விழும், மடிப்பு விளிம்பில் மட்டும் வெளிச்சக் கோடு ஓடும். புவிசார் குறியீடு வாங்கிய துணி இது. கறுப்பு வெள்ளையில் அந்தப் பளபளப்பு கலர் படத்தைவிட நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) சின்ன வயதில் பாவாடை சட்டை, பூ, வளையல் எல்லாம் போட்டு நிற்கிறார். படம் மாறிவிட்டதா?

மாறவில்லை, அது அப்புச்சிதான். முடி இறக்குவதற்கு முன்னால் பையனுக்கு ஜடை பின்னி, பாவாடை கட்டி, பூ வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது அநேக வீடுகளில் வழக்கம். பெண் குழந்தை இல்லாத வீட்டில் அம்மாவின் ஆசைக்காகவும் எடுப்பார்கள். பெண் பிள்ளைக்கு வேட்டி சட்டை போட்டு எடுத்த படமும் இருக்கிறது. அப்புச்சியிடம் காட்டினால் கொஞ்சம் வெட்கப்படுவார்.

கண்ணாடி முன் நின்று முதுகைக் காட்டுகிற மாதிரி ஒரு படம். இது என்ன போஸ்?

பூ ஜடைக்காக. சடங்குக்கோ வளைகாப்புக்கோ வாழைப்பட்டையில் மல்லிகை மொட்டைத் தைத்து ஜடை முழுக்கக் கட்டுவார்கள், அதற்கு ஒரு அம்மாவின் காலைப்பொழுது முழுதும் போகும். முன்னால் இருந்து எடுத்தால் அத்தனையும் தெரியாமல் போய்விடும். அதனால் ஸ்டுடியோவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார்கள், பக்கவாட்டில் நிற்க வைத்து முகம் நேரில், ஜடை கண்ணாடியில் என்று ஒரே படத்தில் பிடிப்பார்கள். விளக்கு கண்ணாடியில் அடிக்காமல், கேமராக்காரர் நிழல் விழாமல், பெண்ணின் கண் சரியான பக்கம் பார்க்கிற மாதிரி எடுப்பது சுலபம் இல்லை. ஒரு படத்தில் கண்ணாடி ஓரத்தில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருக்கும் போட்டோகிராபரின் இரண்டு கால்களும் விழுந்திருந்தன, அவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அந்த ஸ்டுடியோ ஆளைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே படம் அதுதான்.

இன்றைக்கு ஃபேஷன் போட்டோ என்று பத்திரிகையில் வருகிறதே, துணியும் அலங்காரமும் தெரிய வேண்டும் என்பதற்காகவே போஸ் வைப்பது, அதை நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர்கள் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

படத்தின் பின்பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் எனக்குப் பிடிக்கும். ஸ்டுடியோ முத்திரையில் 636 என்று தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் படம் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு வந்தது, பின்கோடே அன்றைக்குத்தான் தொடங்கியது. மெட்ராஸ் ஸ்டேட் என்று அச்சிட்டிருந்தால் 1969 ஜனவரிக்கு முன்னால், அல்லது ஸ்டுடியோக்காரர் பழைய அட்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். தடித்த அட்டையில் ஒட்டிய படம், நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் என்றால் அது கேபினட் கார்டு. 1866இல் வெளிநாட்டில் வந்த அளவு, கேபினட் சைஸ் என்ற பேச்சு மட்டும் நம் ஸ்டுடியோக்களில் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்தில் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு எழுதியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் எழுதியது, படம் அதற்கு முந்தியது என்று அர்த்தம் இல்லை.

தமிழ் வருஷம் எழுதியிருந்தால் அறுபது வருஷச் சிக்கல் உண்டு. "விஜய வருஷம் ஆவணி" என்றால் 1893, 1953, 2013 மூன்றும் பொருந்தும். பெண் கையில் குட்டி பஃப் இருந்தால் 1953. இப்படித் துணியும் எழுத்தும் சேர்ந்து சாட்சி சொல்லும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த வேலையே.

வெளியில் எடுத்த படம் என்றால் பின்னணி உதவும். மேட்டூர் அணை தெரிந்தால் அணை கட்டி முடிந்த 1934க்குப் பிறகு.

அப்பா பெல்பாட்டம், அம்மா பூப்போட்ட வழவழப்புப் புடவை. இது எந்த வருஷம்?

1970கள், பெரும்பாலும் 72க்கும் 80க்கும் நடுவில். அந்தப் புடவை நைலக்ஸாக, அதாவது நைலான் துணியாக இருக்கும். அப்பா சட்டைக்கு வந்த டெரிலின் என்ற பாலியஸ்டர் துணியை 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள், 60களில் நம் ஊர்ச் சட்டையாக வந்தது, இஸ்திரி வேண்டாம், துவைத்து உதறினால் போதும் என்பதில் ஆண்கள் மயங்கிப்போனார்கள். மே மாதச் சேலத்து வெயிலில் டெரிலின் சட்டை போடுவது அடுப்புக்குள் உட்காருவதற்குச் சமம், இருந்தும் போட்டார்கள். துணி நெய்கிற ஊரிலேயே கைத்தறி வேட்டியை விட்டுவிட்டு அதற்கு வரிசையில் நின்றார்கள் என்று ஒரு நெசவாளர் வீட்டுப் பெரியவர் இன்னும் பொருமுவார். அவர் கல்யாணப் போட்டோவில் அவரே டெரிலின் சட்டையில்தான் இருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஆல்பத்தில் குட்டி சதுரப் படங்கள் இருந்தால் அவை 120 ரோலில் எடுத்தவை, ஆக்ஃபா கிளிக் 3 மாதிரி கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். 1967லிருந்து ஊட்டியில் இந்து (INDU) என்ற பெயரில் நம் நாட்டு பிலிமும் வந்தது. அப்போதிலிருந்து துணி கொஞ்சம் உண்மை பேசத் தொடங்குகிறது. ஸ்டுடியோவுக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே எடுத்ததால் கொடியில் காயும் சட்டை, கைலி, பள்ளிக்கூடத் தாவணி எல்லாம் படத்துக்குள் வந்துவிட்டன.

80களுக்கு நதியா கம்மல், நதியா வளையல் இருந்தாலே போதும். 1985க்குப் பிறகு என்று எழுதிக்கொள்ளலாம். ஆண்கள் சஃபாரியில். 90களில் சுடிதார் வந்து தாவணியை ஓரங்கட்டிவிட்டது.

கலர் படம் எப்போது வந்தது?

சினிமாவில் முதல் முழுநீளத் தமிழ்க் கலர்ப்படம் 1956இல் வந்தது. எடுத்தது நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ், படம் அலிபாபாவும் 40 திருடர்களும். ஆனால் அதே ரோட்டில் இருந்த குடும்பங்களின் ஆல்பத்துக்குக் கலர் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கு முந்திய கலர் படம் என்றால் பெரும்பாலும் கையால் தீட்டியதாகத்தான் இருக்கும். கன்னத்தில் ரோஸ், புடவையில் பச்சை, நகையில் மஞ்சள், எல்லாம் பிரஷ்ஷில். புடவை உண்மையில் பச்சையா என்பது தீட்டியவருக்கும் தெரியாது. 70, 80களின் உண்மையான கலர் பிரிண்டுகளில் சியான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முதலில் மங்கி, படம் முழுக்கச் செம்மஞ்சளாகிப்போகும். அதனால் இன்று பழுப்பாகத் தெரிகிற புடவை பச்சையாகவோ நீலமாகவோ இருந்திருக்கலாம்.

செயலியில் போட்டுக் கலராக்கலாமா?

ஆசைக்குச் செய்யுங்கள். ஆனால் அது சொல்லும் நிறம் வெறும் ஊகம், அரக்குப் புடவையைக் கறுப்பாகவே விட்டுவிடும். அசலை அழிக்காமல் தனியாக வையுங்கள்.

ஏற்காட்டில் எடுத்த படங்களில் எல்லோரும் ஸ்வெட்டரில் இருக்கிறார்களே, அவ்வளவு குளிரா?

ஏற்காடு 1500 மீட்டர் உயரம், குளிரத்தான் செய்யும், ஆனால் ஏரிக்கரையில் மதியம் எடுத்த படத்தில் ஸ்வெட்டர் தேவைக்கு அல்ல, ஏற்காடு போனதற்கு அத்தாட்சி. சேலத்தில் அதைப் போட வேறு சந்தர்ப்பம் ஏது? ஒரே மெரூன் ஸ்வெட்டரை அண்ணன் தம்பி மூன்று பேரும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்த வரிசைப் படங்கள் என்னிடம் உண்டு.

எஸ்டேட் வீட்டுப் படங்கள் வேறு மாதிரி. வெள்ளைக்காரர்கள் 1820களிலேயே காபி போடத் தொடங்கிய மலை, அதனால் தொப்பி, வெள்ளை கவுன், பூட்ஸ் என்று துரை வீட்டுப் படங்கள் நிறைய. அதில் நான் ஓரங்களைத்தான் பார்ப்பேன். நாய்க்குப் பக்கத்தில், குதிரைக்குப் பக்கத்தில், பெயர் எழுதாமல் நிற்பவர்கள், தோளில் கம்பளி போட்ட மலைக்காரர்கள். அன்றாடத் துணி எப்படி இருந்தது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி, ஏனென்றால் அவர்களை யாரும் படத்துக்காக உடுத்தி வரச் சொல்லவில்லை.

ஏன் யாருமே சிரிக்கவில்லை?

அசையாமல் இருக்கச் சொன்னார்கள், பல்லைக் காட்டுவது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள், படம் எடுக்கக் காசும் அதிகம். மூன்றும்தான்.

கல்யாணத்துக்கு முன் ஏற்காட்டில் பழைய கால ஸ்டைலில் ஷூட் பண்ணப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் எந்தப் பத்தாண்டு என்று முடிவு செய்யுங்கள், எல்லாவற்றையும் கலந்தால் மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடும். 70கள் என்றால் செபியா பழுப்பு வேண்டாம், அது அதற்கு ரொம்ப முந்தின காலத்துச் சமாச்சாரம். முந்தானையை இப்போது மாதிரி பெட்டிபோட்டு அடுக்கி ஊசி குத்தாதீர்கள், அப்போது அது தோளில் சும்மா கிடக்கும், காற்றில் விலகும். தலையில் ஒரு சாண் பூ. மாப்பிள்ளை தாடியை எடுத்துவிட்டுக் கிருதா வைக்கட்டும். ஜாக்கெட்டை மட்டும் வாடகைக்கு எடுக்காமல் வீட்டில் உள்ள பழைய படத்தைத் தையல்காரரிடம் காட்டித் தைக்கச் சொல்லுங்கள், மிச்சம் எல்லாம் தானாக அமைந்துவிடும்.

ஃபிரேம் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுக்கலாமா?

கூடவே கூடாது. படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின், மாட்டெலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது, ஈரம் பட்டால் பசையாகிவிடும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும், குட்டிப் படத்துக்கு 1200. அதே ஜெலட்டின்தான் பூஞ்சைக்கும் சாப்பாடு, மலைமேல் வீடு என்றால் மழைக்காலத்தில் பெட்டியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். லேமினேஷன் வேண்டாம், தயவுசெய்து.

எடுத்த ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருக்குமா?

கேட்டுப் பாருங்கள், ஆனால் எதிர்பார்க்காதீர்கள். பிலிமில் வெள்ளி இருக்கிறது, வெள்ளிக்காகவே பழைய நெகட்டிவை எடைக்கு வாங்கிப்போகிற ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டுப் படங்களை எடுத்த ஸ்டுடியோவுக்கு நான் போனபோது அலமாரி காலி. "போன பொங்கலுக்குத்தான் எடைக்குப் போட்டேன் தம்பி" என்றார் ஸ்டுடியோக்காரர். கொலுசு செய்கிற ஊர், எங்கள் அத்தை முகம் யார் காலில் கிடக்கிறதோ தெரியாது.

பின்னால் பெயர் எழுதலாமா?

எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தி எழுதினால் முன்பக்கம் கோடு தெரியும், மை பின்னால் கசியும். மெத்தென்ற 2பி பென்சில், படத்தைக் குப்புறக் கண்ணாடித் தட்டில் வைத்து ஓரத்தில் மெதுவாக. பிளாஸ்டிக் மாதிரித் தாளில் பென்சில் ஒட்டாது, அதற்குக் கவரில் எழுதிக் கவருக்குள் போட்டுவிடுங்கள், ஆனால் எழுதிவிட்டுப் போடுங்கள், போட்டுவிட்டு எழுதாதீர்கள்.